கட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, சுத்தியலும் உளியுமாகக் கணவர் படுக்கையறைக்குள் நுழைந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் குழாய்க்காரர். யார் வீட்டுச் சுவருக்குள் கசிந்தாலும் காதை வைத்தே கண்டுபிடிக்கிற மனிதர். தன் வீட்டு மெத்தை ஈரமாவதை விட்டுவிடுவாரா?

ஈரம் அவள் பக்கத்தில்தான். மாதவிலக்கு நிற்கத் தொடங்கியதிலிருந்து, தூக்கத்தில் உடம்பு திடீரென்று கொதிக்கும். நைட்டியைப் பிழியலாம் போல வியர்க்கும். பிறகு குளிர் நடுக்கும். சத்தமில்லாமல் உடை மாற்றி, துண்டை விரித்துப் படுத்து, அவருடைய குறட்டையைக் கேட்டபடி விழித்துக்கிடப்பாள்.

அக்காவிடம் போனில் ஒருமுறை பேச்செடுத்தாள். எல்லாருக்கும் வருவதுதானே என்று அக்கா பேச்சை மாற்றிவிட்டாள். தையல் கடையில் அவள் மின்விசிறியைக் கூட்டினாலே மற்ற பெண்களுக்குக் கேலி. கணவரிடம் சொன்னால் சிரிப்பாரோ, தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவாரோ என்று பயம்.

இரண்டு நாளாக அவர் மெயின் வால்வை மூடி, வீட்டையே பக்கெட் தண்ணீரில் ஓட்டினார். அப்படியும் மெத்தை நனைந்தது. குழாயில் தேங்கிய தண்ணீர்தான் சுவருக்குள் கசிகிறது என்று முடிவு கட்டினார். தொழில் கௌரவம் தலைக்கேறிவிட்டது.

கட்டிலை இழுத்துப் போட்டுச் சுவரைத் தட்டினார். காதை ஒட்டிக் கேட்டார். முதல் அடியிலேயே பூச்சு பெயர்ந்து விழுந்தது. மறுபடி சுத்தியலை ஓங்கினார்.

“ஒடைக்காதீங்க. குழாய் இல்ல, நான்தான்.”

“நீதான்னா?”

“ராத்திரியில எனக்கு வேர்த்துக் கொட்டுது. அந்த வயசு வந்துடுச்சுல்ல.”

அவர் சிரிக்கவில்லை. சுவரையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கெட் சுமந்தபோதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தார். பிறகு, வாடிக்கையாளர் வீட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“எங்கேர்ந்து கிளம்புது?”

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். தூசு படிந்த கையை அங்கே வைத்து, கசிவுக்குக் காத்திருப்பவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். அப்போது பார்த்து அந்த இடம் காய்ந்துகிடந்தது. கையை எடுத்துக்கொண்டு சிமெண்ட் குழைக்கப் போனார்.

இன்று இரவும் அவர் தூங்கிவிடுவார், அவள்தான் விழித்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும். சுவரைப் பூசி முடித்து, அவர் கட்டிலைத் திரும்ப நகர்த்திப் போட்டார். கீழே கிடந்த தன் தலையணையை எடுத்துத் தட்டினார். அவள் வாசல்படியிலேயே நின்று பார்த்தாள்.

பழைய இடத்திலேயே, அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.