கதவின் இடதுபக்கம்

நான் சீட் தைக்கிறவள். கார் சீட், கதவின் உள்தோல், கூரைத் துணி என்று வண்டிக்குள் கண்ணில் படுவதெல்லாம் என் கைவேலை. வெளித் தகடு என் வீட்டுக்காரருடையது. பெயிண்ட் என் தங்கச்சியுடையது; எந்தக் கலரையும் ஒருமுறை பார்த்தால் போதும், அச்சு அசலாகக் கலந்துவிடுவாள். முப்பத்து மூன்று வயது. வந்த வரன்களையெல்லாம் வாயாலேயே விரட்டியவள். அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன், அதனால் அவள் எனக்குத் தங்கச்சியில் பாதி, மகளில் பாதி.

அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு ஒரு லாரியில் வந்து இறங்கியது. பழைய இங்கிலாந்து வண்டி. எஞ்சினையும் சேசிஸையும் ஒரு கம்பெனி செய்து கொடுக்க, மேல் உடம்பை வேறொரு பட்டறை, வாங்குகிறவர் கேட்டபடி மரச்சட்டம் போட்டு, அலுமினியத் தகடு அடித்து, கையாலேயே கட்டியிருந்தது. அதைப் போல இன்னொன்று உலகத்தில் கிடையாது. டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. பின்சீட்டு எங்கள் கட்டிலை விட அகலம். அதைச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் முறைத்தார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் நல்ல உயரம், நல்ல சட்டை, குரல் மட்டும் பஞ்சு. யாராவது கதவில் கை வைத்தால் போதும், "மெதுவா... மெதுவா மூடுங்க. அதுவா போய் உக்காரும்" என்பார். அன்றைக்கே பட்டறையில் அவருக்கு 'மெதுவா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"எங்க தாத்தா எப்படிக் கட்டச் சொன்னாரோ அப்படியே இருக்கணும்" என்றார் என்னிடம். "கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஆனா சத்தம் மட்டும் தடுக்கணும். அதுக்கு என்ன வேணும்னாலும் போட்டுக்கங்க."

பின்சீட்டின் இடதுபக்கக் கதவை முதலில் பிரித்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தோல். சோம்பேறிகள் பழசைக் கழற்றாமல் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்தேன். மேலே பழுப்பு, நடுவில் சிவப்பு, அடியில் கறுப்பு. இவர், அப்பா, தாத்தா என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மூன்றிலும் ஒரே இடத்தில் கீறல். நாலு கோடு, பக்கத்தில் நாலு கோடு.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. யாரோ கழற்றியிருந்தால் மரத்தில் ஸ்க்ரூ ஓட்டையாவது இருக்கும். ஒரு ஓட்டை கிடையாது. கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள், வலதுபக்கக் கதவையும் சேர்த்து. கண்ணாடியும் கீழே இறங்காத வகை.

அடுத்த வாரம் அவர் வந்தபோது கேட்டேன்.

"கீறலா? எங்க வீட்ல எப்பவும் நாய் உண்டு" என்று சிரித்தார். "கைப்பிடி எதுக்கு? டிரைவர்தானே திறந்து விடுவான். அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க பழக்கம்."

நாய் வளர்க்கிறவர்களின் வண்டி எத்தனையோ பார்த்தவள் நான். நம்பிவிட்டேன். நாய் அவ்வளவு உயரத்தில் கீறாது என்று அன்றைக்கு ஏன் தோன்றவில்லையோ, தெரியவில்லை. என் புத்தி முழுக்க வேலையில் இருந்தது.

கதவு, கூரை, தரை எல்லாவற்றிலும் நாலு அடுக்குக் கம்பளி வைத்தேன். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. இண்டு இடுக்கு விடாமல் ரப்பர். முடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியே தகடு அடிக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரரின் சுத்தியல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. சத்தம் துளிகூட வரவில்லை. அவர் கதவைத் திறந்து, "நீ பாட்டுப் பாடினியா? வாய் அசைஞ்சுது, ஒண்ணும் கேக்கலயே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வேலை இந்த ஊரில் எவன் செய்வான் என்று ரெண்டு நாள் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்குள் இன்னொரு காரியம் நடந்திருந்தது. கலர் பார்க்கிறேன் என்று 'மெதுவா' வாராவாரம் வந்தது கலரைப் பார்க்க இல்லை. அவருடைய முதல் மனைவி உடம்பு முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஒரு சாயங்காலம் தங்கச்சி கையில் பெயிண்டோடு வந்து நின்று, "அக்கா, நான் அவரைக் கட்டிக்கப் போறேன்" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

வண்டி தயாரான அன்று அவளைத்தான் முதலில் உள்ளே உட்கார வைத்தேன். மகாராணி போல உட்கார்ந்து பார்த்தாள், கால் நீட்டிப் பார்த்தாள். பிறகு இறங்குவதற்காக, பேச்சுவாக்கில், பார்க்காமலேயே இடது கையைக் கதவுக்குக் கொண்டுபோனாள். விரல்கள் கைப்பிடியைத் தேடித் தோலில் நகர்ந்தன.

அந்தக் கீறல்கள் இருந்த இடம். ஒரு விரல்கூடத் தள்ளி இல்லை.

மூன்று தோலையும் எடுத்துப்போட்டுக் காட்டினேன். "இது நாய் இல்லடி. மூணு தலைமுறையா பொம்பளைங்க."

"உனக்கு எதுலதான் குத்தம் தெரியல?" என்று சீறினாள். "எனக்கு ஒரு நல்லது வந்தா உனக்குப் பொறுக்காதே."

வீட்டுக்காரரும் என் பக்கம் இல்லை. "பணக்காரங்க வண்டி அப்படித்தான் இருக்கும். நீ சும்மா இரு" என்றார்.

சும்மா இருக்கிறவளா நான்? அன்றைக்கே கதவின் தையலைப் பிரித்து, பூட்டிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை மரச்சட்டத்துக்குள்ளே கொண்டுவந்து, தோலின் ஓர மடிப்புக்குள் மறைத்துத் தைத்தேன். இழுத்தால் கதவு திறக்கும். பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன்.

கல்யாணம் நாலு பேரோடு முடிந்தது. வண்டியில் ஏறப் போனவளைக் கட்டிப்பிடித்து, காதில் கயிறு இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"நீ ஒரு பைத்தியம்க்கா" என்று சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"மெதுவா" என்றார் மாப்பிள்ளை. டிரைவர் கதவை மூடினான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் ஏதோ சொன்னாள். போய்ட்டு வர்றேன் என்றுதான் இருக்கும்.

பன்னிரண்டு நாள் அவள் போன் எடுக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை வண்டி மட்டும் வந்தது. டிரைவர் இறங்கி ஒரு கவரை நீட்டினான். உள்ளே என் கயிறு, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

"இது கூடுதலா இருக்காம். ஐயா திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. கதவையும் தைச்சு வாங்கிட்டு வரச் சொன்னாரு."

பின்கதவைத் திறந்து பார்த்தேன். என் தையலை யாரோ பிளேடால் பக்குவமாகப் பிரித்திருந்தார்கள். அது அவர் வேலை. ஆனால் ஓர மடிப்பு இழுத்து இழுத்து நார்நாராகக் கிழிந்திருந்தது. கயிறு போனது தெரியாமல் அவள் இழுத்திருக்கிறாள். அதற்கு மேலே என் புதுத் தோலில் நாலு கோடு, பக்கத்தில் நாலு கோடு.

"அவ எங்க?"

டிரைவர் தரையைப் பார்த்தான். "மாடி ரூம்ல இருக்காங்க."

"வண்டிய எடு. அங்கயே வந்து தைச்சுத் தர்றேன்."

"ஐயா யாரையும் கூட்டிட்டு வரச் சொல்லலையே..."

"தையல் சரியில்லைன்னா திட்டு உனக்குத்தான் விழும். எடு!"

முன்சீட்டில் கை வைத்தேன். "முன்னாடி யாரும் உக்காரக் கூடாதும்மா, ஐயா கட்டளை" என்று பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். யோசிக்க நேரமில்லை. போனைக்கூட எடுக்காமல், தோல் வெட்டும் கத்தியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஏறினேன். கதவு மெதுவாக, அதுவாகவே போய் உட்கார்ந்தது.

வண்டி நகரும்போதுதான் என் வீட்டுக்காரர் பட்டறைக்குள்ளிருந்து ஓடிவந்தார். சுத்தியலும் கையுமாக ஜன்னலோடு ஓடினார். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்: "ஒரு மணி நேரத்துல நான் வரலேன்னா போலீசுக்குப் போங்க! ரெண்டு பேரும் அங்கதான் இருக்கோம்!"

அவர் ஓடிக்கொண்டே காதில் கை வைத்து, என்ன என்று கேட்டார். மறுபடி கத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டிக்கொண்டே பின்தங்கிப் போனார்.