எதிரே உட்கார்ந்து கற்றது

புதன்கிழமை மூன்று மணி வகுப்புக்காக டாக்டர் மடிக்கணினியைத் திறந்தபோது திரையில் நர்ஸின் முகம் இல்லை. சுழலும் மின்விசிறி தெரிந்தது.

“டாக்டரு, நான் ஆயா பேசுறேன். அக்கா பிரசவம் பார்க்குது. போனைப் பிடிச்சுக்கோன்னு என் தலையில கட்டிருச்சு.”

அந்தச் சுகாதார நிலையம் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஓர் ஆயா. டாக்டர் கிடையாது. நர்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாரம் ஒருமுறை திரைவழியே சொல்லிக்கொடுக்கும் டாக்டருக்கு முப்பது. “என் மூத்த பொண்ணைவிடச் சின்னவங்க நீங்க. தப்பு பண்ணா திட்டுங்க, ஆனா மெதுவா திட்டுங்க” என்று முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்றே இன்னொன்றும் சொன்னாள். போன வருடம் ஒரு குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. மூச்சூட்டும் பை அலமாரியில்தான் இருந்தது. அதைப் பிடிக்க அவளுக்குத் தெரியவில்லை.

அதனால் ஆறு வாரமாக அந்த ஒன்றைத்தான் பழகினார்கள். ஆயா பழைய துண்டில் ஒரு பொம்மை தைத்து, உள்ளே நுரையீரலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறை வைத்து, ‘தூங்குமூஞ்சி’ என்று பெயரும் வைத்தாள். சிக்னல் மோசம் என்பதால் பொம்மையின் நெஞ்சை மட்டும் கிட்டத்தில் காட்டச் சொன்னாள் டாக்டர். நெஞ்சு எழும்பினால் சரி. எழும்பாவிட்டால் மறுபடி.

“குழந்தை பிறந்துருச்சு, அழலையே டாக்டரு.” ஆயாவின் குரல் இறங்கிவிட்டது.

“போனை மேசைப் பக்கம் காட்டுங்க.”

குழந்தை துவண்டு கிடந்தது. நர்ஸ் துடைத்துவிட்டாள், முதுகைத் தேய்த்தாள். பிறகு மூச்சூட்டும் பையின் மாஸ்க்கை எடுத்து முகத்தில் பொருத்தினாள். அவளுடைய கைகளை டாக்டர் பார்ப்பது அதுதான் முதல்முறை. வலது கையால் மாஸ்க்கைப் பிடித்து, இடது கையால் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் தலைகீழ். டாக்டருக்கு உடனே புரிந்தது. எதிரே உட்கார்ந்து காட்டினோம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, கை...”

“சொல்லுங்க டாக்டரம்மா.” நர்ஸ் தலை தூக்கவில்லை. இரண்டு முறை அழுத்திவிட்டாள். நெஞ்சு எழும்பவில்லை.

டாக்டர் அந்தச் சொல்லை விழுங்கினாள். ஆறு வாரம் பழகிய கையை இப்போது மாற்றச் சொன்னால் அது தடுமாறும்.

“கழுத்து மடிஞ்சிருக்கு அக்கா. தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க. மாஸ்க்கை எடுத்துத் திரும்ப வைங்க. ம், இப்ப.”

அழுத்து, விடு, விடு. அழுத்து, விடு, விடு.

“ஏறுது டாக்டரு! நெஞ்சு ஏறுது!”

“போனை ஆட்டாதீங்க ஆயா.”

“நான் எங்க ஆட்டுறேன்? கை தானா ஆடுது.”

ஒரு நிமிடம் போயிற்று. குழந்தை காலை மடக்கியது. முனகியது. பிறகு யாரோ அதன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல் வீறிட்டது.

“ஏன் இப்படி அழுவுது?” கட்டிலிலிருந்து தாய் பதறினாள்.

“அழட்டும் தாயி, காசா பணமா?” என்றாள் ஆயா.

குழந்தையைத் தாயின் நெஞ்சில் போர்த்திப் படுக்கவைத்து, மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டு நர்ஸ் போனை வாங்கினாள். அப்படியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டீங்க. தப்பு பண்ணிட்டேனா?”

“தப்பு என்னோடது அக்கா. கை மாத்திப் பிடிக்கிறீங்க. எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், அதை நான் யோசிக்கவே இல்ல.”

நர்ஸ் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப மாத்திக்கணுமா?”

“வேண்டாம். எந்தக் கைன்னு குழந்தைக்கா தெரியப்போகுது?”

நர்ஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “போன வருஷம்...” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இருங்க, மூச்சை எண்ணிட்டு வரேன்.”

“இப்பத்தானே அக்கா எண்ணினீங்க?”

“அது கடமைக்கு, டாக்டரம்மா. இது ஆசைக்கு.”