வெள்ளிக்கிழமை முறியும் பட்டை

புதன்கிழமை பூட்டிய பட்டைகள் மட்டும் வெள்ளிக்கிழமை முறிந்தன. ஏனென்று வீபெக்காவுக்குப் புரியவில்லை.

காற்றாலை இறகுக்கான கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த, ஒரு சாண் நீளப் பட்டை அது. சோதனைக்கூடத்து இயந்திரம் அதன் இரு முனைகளையும் கவ்விக்கொண்டு விநாடிக்கு ஐந்து முறை இழுத்து இழுத்து விடும். கடல் காற்றில் இறகு ஆண்டுக்கணக்கில் படும் பாட்டை இங்கே இரண்டரை நாளுக்குள் படுத்திப் பார்த்துவிடலாம். பத்து லட்சம் இழுப்பைத் தாங்கினால் தேறியது. எல்லாம் ஒரே பலகையில் அறுத்தவைதான். திங்கட்கிழமை பூட்டியவை எல்லாம் தாங்கின. புதன் மாலை பூட்டியவை ஏழரை லட்சம் ஆனதும், வெள்ளி காலை பத்து மணிவாக்கில் முறிந்தன. இன்று முறிந்தது மூன்றாவது.

காரணம் தெரியாமல் முறிந்தால், அடுத்த பட்டையின் பக்கத்தில் ஆள் இருந்தே ஆகவேண்டும். இரண்டு சனி, ஞாயிறு அவளுக்கு அப்படியே போயின. எஸ்பியர் துறைமுகத்தில் அவள் காதலன் யெப்பே இருந்தான். கடலில் காற்றாலை நடும் கப்பலில் வேலை. ஞாயிறு காலை கப்பல் தைவானுக்குப் புறப்படுகிறது. திரும்ப ஏழு மாதம் ஆகும். அவனுடைய கம்பளிச் சட்டையைத் துவைக்க மனமில்லாமல், கையை இரண்டு மடிப்பு மடித்து அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்த அவன் வாசனை கிட்டத்தட்டப் போய்விட்டது.

முறிந்த துண்டை எடுத்தாள். கை சுட்டது. திங்கட்கிழமைப் பட்டைகள் ஒருநாளும் சுட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பட்டைக்குக் காற்றடிக்க வேண்டிய மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி, வெள்ளிதோறும் காலையில் எல்லோரும் சேர்ந்து ரொட்டி சாப்பிடும் மேசை. பத்து மணிக்கும் விடியாததுபோல் கிடந்த நவம்பர் இருட்டுக்கு நான்கு மெழுகுவத்திகள் ஆடாமல் எரிந்தன. உடன் வேலை செய்யும் பிரெபென் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“பிரெபென், விசிறிய யாரு திருப்பினது?”

“நான்தான். மெழுகுவத்தி அணைஞ்சுகிட்டே இருந்துச்சு. இருட்டுல திங்கச் சொல்றியா?”

“மூணு வெள்ளிக்கிழமையுமா?”

“சாப்பிட்டு முடிச்சதும் திருப்பி வெச்சிடுறேனே. ஒரு மணி நேரம்தான்.”

“அந்த ஒரு மணி நேரந்தான் என் ரெண்டு சனிக்கிழமையத் தின்னுடுச்சு.”

பிரெபென் கத்தியைக் கீழே வைத்தார். அவள் கோபத்தை மறந்து விளக்கத் தொடங்கினாள். உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடேறுவதுபோல, ஒவ்வொரு இழுப்பிலும் பட்டைக்குள் கொஞ்சம் சூடு பிறக்கிறது. காற்று அதை எடுத்துப் போகாவிட்டால் பிசின் இளகும். பிசின் இளகினால் இழைகளைச் சேர்த்துப் பிடிக்க ஆளில்லை. ஏழரை லட்சம் இழுப்பில் களைத்தவை ஒவ்வொன்றாக அறும். திங்கட்கிழமைப் பட்டைகள் வெள்ளிக்கு முன்பே தேறிவிட்டன, அவ்வளவுதான்.

“அப்போ உன் ஆளைப் பாக்க விடாம பண்ணினது நானா?” என்றார் பிரெபென். பதிலுக்குக் காத்திராமல் திருப்புளி எடுத்து வரப் போனார்.

எஸ்பியருக்குப் போகும் நாலு மணி ரயிலுக்கு அவள் கிளம்பும்போது புதிய பட்டை ஓடிக்கொண்டிருந்தது. விசிறி யாரும் திருப்ப முடியாதபடி இயந்திரச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தது. பட்டையின் நடுவில் சூடு அறியும் உணரி ஒன்றை ஒட்டி, அதன் கம்பியை இயந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும்; பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை.