417-இன் தலையீற்று

எலாதியோவின் பண்ணையில் கன்று விழுந்ததும் முதல் வேலை எடை போடுவது. தாய் நக்கி முடிப்பதற்குள் தொங்குதராசோடு வந்து நிற்பார். பதினெட்டு மாத எடை, முதுகுச் சதையின் பரப்பு இரண்டை மட்டுமே பார்த்து இருபது வருடம் காளைகளைத் தேர்ந்தெடுத்தவர். தாக்குவாரெம்போ ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் அவருடைய ஹெர்போர்ட் இனக் காளைகளைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

மகள் சுல்மா மாட்டு மருத்துவர். சிறிதாகப் பிறந்து வேகமாக வளரும் கன்றுகள் அவளுக்கு வேண்டும். எட்டு வருடம் பொறுக்கிப் பொறுக்கி இணைத்ததில், நினைத்த குணமெல்லாம் கூடி வந்தது ஒரே ஒரு கிடேரி. எண் 417.

அவள் பத்து நாள் தலைநகர் மோன்தேவிதேயோ போயிருந்தபோது எலாதியோ அதைத் தன் பரிசுக் காளையோடு விட்டுவிட்டார்.

“தலையீத்துக் கிடேரிக்குப் போயும் போயும் அந்தக் காளையாப்பா? கன்னு பெருசாகி உள்ளேயே சிக்கிக்கும்.”

“உன் படிப்பு எலிக்குட்டி வளர்க்கத்தான் சொல்லும்.”

“ஊசி போட்டுக் கலைச்சிடறேன்.”

“வேணாம்மா. ஒரே ஒரு தடவை என்னை நம்பு.”

அப்பா கெஞ்சி அவள் பார்த்ததில்லை. ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் 417-க்கு வலி கண்டது. பக்கத்துப் பண்ணையிலிருந்து சுல்மா வந்து சேர்வதற்குள் எலாதியோவும் வேலைக்காரர் ருபேனும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வெளியே வந்த கன்று இடுப்பில் சிக்கியிருந்தது. வயிற்றைக் கிழித்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஒருவழியாக வெளியே வந்தபோது அதற்கு உயிர் இல்லை.

பழக்க தோஷம், எலாதியோ அதைத் தராசில் மாட்டினார். “அம்பத்திரெண்டு கிலோ!” என்றார். அந்த ஒரு கணம் அவர் முகம் மலர்ந்ததைச் சுல்மா பார்த்தாள்.

417 எழவில்லை. பின்னங்கால் நரம்புகள் நசுங்கிவிட்டன. நான்கு நாள் டிராக்டரில் பட்டை கட்டித் தூக்கினார்கள். விட்டதும் சரிந்தது.

“சாம்பியன் மாப்பிள்ளை கட்டி வச்சீங்களே முதலாளி, வந்து பொண்ணைத் தூக்கச் சொல்லுங்க,” என்றார் ருபேன். எலாதியோ பட்டையை மறுபடியும் மாட்டினார்.

ஐந்தாம் நாள் காலை சுல்மா கருணைக்கொலை மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

“இன்னொரு நாள் பாக்கலாமேம்மா.”

“அது புல்லையே தொடலப்பா. தலையைப் பிடிச்சுக்கோங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஈரத்தில் மண்டியிட்டார். “தப்பு என்னோடதும்மா. நான்தானே சொன்னேன்.”

“நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரியும்பா. தெரிஞ்சும் உங்க பேச்சைக் கேட்டேன்.”

ஊசி ஏற்ற வேண்டிய கழுத்து நரம்பு மூன்றாம் முறைதான் அவள் விரலுக்கு அகப்பட்டது.