ராணியின் குறையாத கிளாஸ்

தலையில் கிரீடம், ஒரு கையில் மைக், மறு கையில் நிரம்பிய கிளாஸ். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில், ஒயின் திருவிழா மேடையில், அந்த வருஷத்து ஒயின் ராணியாக ஊர் தேர்ந்தெடுத்த யூடித் நின்றாள். புளிப்பான ரீஸ்லிங் ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள வெண்ணெயில் பொரித்த ஆற்று மீன், இனிப்பானதற்கு நாறுகிற பாலாடைக்கட்டி என்று சிரித்த முகமாகச் சொல்லி முடித்தாள்.

எல்லோரும் குடித்தார்கள். அவள் கிளாஸை உதட்டில் வைத்து இறக்கினாள்.

அந்த ஒயினைத் தயாரித்த கொன்ராட் முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா, ஒரு சொட்டுகூடக் குறையலையே! என் சரக்கு அவ்வளவு மட்டமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா."

"அப்போ குடி. ஊரே பாக்குது."

குடித்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. குடிக்காவிட்டால் அவர் மானம் போகும். இறங்கி ஓடலாமென்றால் இருப்பது ஒரே படிக்கட்டு. அதில் அவள் அம்மா ரோஸ்விதா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

அம்மா கிளாஸைப் பிடுங்கி ஒரே மடக்கில் காலி செய்தாள். "ஒயின் நல்லாத்தான்யா இருக்கு!" என்று கொன்ராடைப் பார்த்துக் கத்தினாள். பிறகு மகளை நெருங்கி மெல்லக் கேட்டாள்: "எத்தனாவது மாசம்டி?"

காலையிலிருந்து கரகரத்துக்கொண்டிருந்த மைக், அந்த ஒரு கேள்வியை மட்டும் அக்கரைவரை சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.