மெசுல்லாமின் எருது

எங்களிடம் இருந்தது ஒரே பசு. அதுவும் சினையாக இருந்தது. முதல் மழைக்கு மண் இளகியதும், நுகத்தில் அதற்கு ஜோடி சேர்க்க மேல்வீட்டு மெசுல்லாமிடம் ஓர் எருதை இரவல் வாங்கினார் என் வீட்டுக்காரர் அத்லாய்.

மெசுல்லாம் மாட்டோடு தானும் வந்துவிட்டார். “உன்னை நம்பாம இல்லடா. புது ஆளைக் கண்டா மாடு மிரளும்” என்றார். நம்பவில்லை என்பதுதான் விஷயம். ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, “கோலை ஓங்காதே, மெதுவாத் திருப்பு” என்று காலையெல்லாம் ஏவினார். உச்சிவேளைக்கு நான் பருப்புக் குழம்பும் வாற்கோதுமை ரொட்டியும் கொண்டுபோனேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. வயலில் எந்தக் காலத்திலோ தானியம் சேர்த்து வைத்து மூடிய குழி ஒன்று, மழையில் உள்வாங்கியிருந்தது. எருதின் முன்கால் அதில் இறங்கி முறிந்துபோயிற்று. அங்கேயே அதை அறுக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள், பெரியவர்கள் வழக்குத் தீர்க்கும் ஊர்வாசலுக்கு வரும்படி மெசுல்லாம் ஆள் அனுப்பினார்.

இரவல் வாங்கிய மாடு ஊனப்பட்டாலும் செத்தாலும் வாங்கியவன் ஈடு கொடுக்க வேண்டும். சொந்தக்காரன் கூடவே இருந்திருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. இதுதான் எங்கள் சட்டம். ஈடு என்று வந்தால் எங்கள் பசுதான் போக வேண்டும்.

ஊர்வாசலில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நின்றேன். மூத்தவர் பெரகியா கேட்டார்: “மெசுல்லாம், கால் முறியிறப்ப நீ அங்க இருந்தியா?”

மெசுல்லாம் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

“இருந்தார் பெரியவரே. ஆனா தூங்கிட்டிருந்தார்.”

இந்த மனிதரை யார் கேட்டார்கள்?

பெரியவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்பிவிட்டது.

“தூங்குறவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“அதெப்படி? ராத்திரி நீ தூங்கிட்டா, வீட்டுல ஆம்பளையே இல்லைன்னு உன் பொண்டாட்டி சொல்வாளா?”

“அவ அப்படித்தான் சொல்றா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

மெசுல்லாம் மட்டும் சிரிக்கவில்லை. “நிறுத்துங்கய்யா. நான் தூங்கலை.”

“பின்னே?”

“பாதிக் கண்ணை மூடிட்டுக் கிடந்தேன். அந்த இடத்துல மண்ணு தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு குரல் குடுத்திருக்கலாம். இவன் வீட்டுக் குழம்பு வயித்தை அமுக்கிடுச்சு. இவனுக்கும் கண்ணு இருக்கேன்னு சும்மா இருந்துட்டேன்.”

பெரகியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இதைச் சொல்லாம இருந்திருந்தா பசு உன் கைக்கு வந்திருக்குமேடா?”

“வந்திருக்கும். தனக்குப் பாதகமா வரும்னு தெரிஞ்சும் இவன் நெசம்னு நினைச்சதைச் சொல்றான். அதைக் கேட்டுட்டு நான் எந்த முகத்தோட பசுவை ஓட்டிட்டுப் போறது?”

ஈடு வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. எங்கள் பசு தப்பியது.

வீடு திரும்பும் வழியில் இரண்டு பேரும் ஒன்றாக நடந்தார்கள். நான் நாலடி பின்னால் வந்தேன்.

“அண்ணே, மிச்சமிருக்கிற ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு எப்படி உழுவீங்க? எங்க பசுவைச் சேர்த்துக் கட்டிக்குங்க. சினை, கொஞ்சம் பார்த்து ஓட்டணும். முதல்ல உங்க வயல்.”

“போடா. உன்னோடது பாதியில கிடக்கு. அதை முடி.”

“இல்லண்ணே, நீங்கதான் மாட்டை இழந்தவரு.”

“அதுக்காக? அரைகுறையா உழுத நிலத்துல விதைப்பியா?”

எங்கள் வீட்டு வாசல் வந்துவிட்டது. அவர்கள் நிற்கவுமில்லை, முடிவுக்கு வரவுமில்லை. பேசிக்கொண்டே மேல்வீட்டுப் பக்கம் போனார்கள். நான் உள்ளே போய் மூன்று பேருக்கு மாவு பிசைந்தேன்.