தாய்வீட்டு இளநீர்

வாசலில் சாக்கு தொம்மென்று விழும் சத்தம் கேட்டாலே அண்ணன் வந்துவிட்டார் என்று ராக்காயிக்குத் தெரிந்துவிடும். பாகான் டத்தோவில் விடிகாலை பஸ் ஏறி, தெலுக் இந்தானில் மாறி, ஈப்போவில் மறுபடியும் மாறி அப்பாவு ஜெலாப்பாங் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். சாக்கு நிறைய இளநீர். எல்லாம் அவருடைய துண்டு நிலத்தில் காய்த்தவை.

"கண்டக்டர் பய சாக்குக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்றான் லா. இது என்ன என் பொண்டாட்டியா, பக்கத்துல உக்காத்தி வெச்சுக் கூட்டியாரன்னு கேட்டேன்."

ராக்காயி சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சிரித்து முடிப்பாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். ராக்காயிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்தக்கொதிப்பு ரொம்ப நாளாகவே சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. முகமும் காலும் வீங்கி முதல் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கிட்னி பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது, அது செய்யாத வேலையையும் சேர்த்து இருதயம் இழுத்துக்கொண்டிருக்கிறது, உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த முதல் தடவைதான் அப்பாவு ஆஸ்பத்திரி வார்டுக்குள் சாக்கோடு வந்து நின்றார். ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து.

அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு, திரும்பாமலே போனவர். அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டுந்தான் மிச்சம். அப்பாவு மரவள்ளிக் கிழங்கை அவித்து, மாவாக இருக்கும் நடுப்பகுதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நார் ஓடிய முனைகளைத் தான் மென்றுகொண்டிருப்பார். சண்டை ஓய்ந்து தோட்டத்துத் திடலில் மறுபடி படம் காட்ட ஆரம்பித்தபோது முன்பக்கம் கூட்டம் தாங்காது. இவர்கள் இருவரும் ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதாநாயகன் இடது கையால் கத்தி வீசுவான். கதாநாயகியின் மூக்குத்தி இடம் மாறியிருக்கும். உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் படம் பார்க்கிறார்கள் என்று ராக்காயி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து பால் லாரி ஓட்டி வந்தான் சன்னாசி. அப்பாவு வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு காலை, பால் ஏற்றிக்கொண்டு திரும்பிய லாரியில் ராக்காயியும் ஏறிக்கொண்டாள். சிலிம் ரிவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். தங்கை ஓடிப்போன தோட்டத்தில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது என்று அப்பாவு ஆள் கணக்கில் பேரை வெட்டிக்கொண்டு, பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்குத் தாய்வீட்டுச் சீர் வரவில்லை. பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பக்கத்து வீட்டுப் பெண்கள் அண்ணன் தம்பி கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, ராக்காயி தன் சம்பளத்தில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணே அனுப்பிச்சாரு" என்பாள். எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருத்தியும் வாய் திறந்து கேட்டதில்லை.

அதனால்தான் அன்றைக்கு வார்டில் அண்ணன் இளநீரைச் சீவி நீட்டியபோது, அவளுக்கு அது இளநீராகத் தெரியவில்லை.

"நீர் சம்பந்தமான வியாதின்னு கல்யாண வீட்டுல ஒருத்தன் சொன்னான். இளநி குடி. உள்ளெல்லாம் கழுவி விட்டுடும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரு காலத்துலேருந்து இதானே மருந்து?" என்றார் அப்பாவு. பழைய பேச்சு ஒன்றையும் எடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் அவர் வாயில் வரவில்லை. ராக்காயி கண்ணீரோடு மொத்தத்தையும் குடித்தாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறினாலும் சாக்கு தவறவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ராக்காயி குடித்து வந்தாள். தண்ணீருக்குத்தானே அளவு சொன்னார்கள், மருந்துக்கு என்ன அளவு என்று நினைத்தாள்.

சன்னாசியும் அப்பாவுவும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே நடுவீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். சன்னாசி அப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். காவல் காக்கிறவரின் பார்வை வீட்டிலும் மாறாது.

"ஏ புள்ள, உங்கண்ணனுக்கு டீ ஆறிப்போவுதாம்."

"தங்கச்சி, எனக்கு ஆறின டீதான் புடிக்கும்னு சொல்லிடு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" என்பாள் ராக்காயி.

ஒரு நாள் துணி உலர்த்தப் போனவளுக்குக் கை எழவில்லை. கால் நனைந்த சாக்கு மாதிரிக் கனத்தது. நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டு, யோசித்து, அடுத்ததை அடித்தது. சன்னாசி டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார். மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். அவசர அவசரமாக ஊசி ஏற்றினார்கள். கண்ணைத் திறந்து பார்க்கும் தெம்பு வந்ததும் தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கட்டிலருகே வந்து கேட்டாள்.

"என்னம்மா சாப்பிட்டீங்க? உப்பு? கருவாடு?"

"உப்பே நாக்குல படல மிஸ்ஸி. கஞ்சியும் இளநியுந்தான்."

"இளநியா? எத்தனை நாளா?"

"அது மருந்தாச்சே, தினமும் குடிக்கிறேன்."

மிஸ்ஸி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதுல பொட்டாசியம்னு ஒரு சத்து நிறைய இருக்கும்மா. நல்ல கிட்னியா இருந்தா மிச்சத்த வெளிய தள்ளிடும். உங்களுது தள்ளாது. அப்படியே ரத்தத்துல தேங்கி நெஞ்ச நிறுத்திடும். இந்தத் தடவை பொழச்சிட்டீங்க. இனிமே ஒரு மடக்கும் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி சன்னாசியிடம் சொன்ன முதல் வார்த்தை, "இது அண்ணனுக்குத் தெரியக் கூடாது. மூச்சு விட்டுடாதீங்க" என்பதுதான்.

"மூச்சு நிக்கப்போறது ஒனக்கு லா!"

"நாப்பது வருஷங் கழிச்சு தாய்வீட்டுச் சீர் வந்திருக்கு. அதை வேணாம்னு எப்படிச் சொல்றது? உன் கையாலதான் நான் சாகப் பாத்தேன்னு அதுகிட்ட யாரு சொல்றது? அப்புறம் இந்த வாசப்படி ஏறுமா?"

சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ராக்காயி திட்டம் போட்டு வைத்திருந்தாள். அண்ணன் வந்தால் காயை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் பஸ் ஏறியதும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அடுத்த தடவை வந்த அப்பாவு அவளைப் பார்த்ததும் சாக்கைக்கூட ஓரமாக வைக்கவில்லை. "என்னடி இப்படி இளைச்சுக் கெடக்கே? காய்ச்சலா? இருக்கிறதுலேயே நல்ல காயா வெட்டுறேன் இரு" என்று பாரங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அவருக்கும் எழுபது நெருங்கிவிட்டது. ஆனாலும் வெட்டு பிசகவில்லை. மூன்று வீச்சில் கண் திறந்தது.

"அப்புறமா குடிக்கிறேன் அண்ணே."

"வெட்டின கையோட குடிக்கணும். புடி."

ராக்காயி இரண்டு கையாலும் வாங்கினாள். காய் குளிர்ந்திருந்தது. அண்ணன் எதிரில் நின்று, கிழங்கின் நடுப்பகுதியை அவள் தின்னும்போது பார்ப்பாரே, அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்கில் என்ன ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வாயருகே கொண்டுபோனாள்.

பின்வாசற்படியில் நின்றிருந்த சன்னாசி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தானே அண்ணாந்து குடித்தார். சட்டையெல்லாம் நனைய, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கூட்டைக் கீழே வைத்தார்.

அப்பாவுவின் முகம் கறுத்தது. "பாத்தியா தங்கச்சி? அன்னைக்கும் கேக்காம எடுத்துக்கிட்டான். இன்னைக்கும் கேக்காம எடுத்துக்கிட்டான்."

சன்னாசி வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். இன்னும் பேசாமலே இருப்பார், நாற்பது வருஷப் பழிக்கு மேல் இதையும் சுமந்துகொண்டு இருப்பார் என்று ராக்காயிக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவரு என்னைக் காப்பாத்தினாரு அண்ணே. அது எனக்கு ஆவாது. என் கிட்னிக்கு அது விஷம். நெஞ்ச நிறுத்திடும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

"இளநியா? என்ன பேச்சு பேசுறே?" என்றார் அப்பாவு. அப்புறம் அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் ஊசி ஏற்றிய இடம் இன்னும் கன்றிப்போய்க் கிடந்தது. "அப்போ நீ இப்படி இளைச்சுக் கெடக்கிறது…?"

ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவு கத்தியைச் சேலைத்துண்டில் சுற்றினார். மிச்சக் காய்களோடு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனார். கொஞ்ச தூரம் போனதும் தடுமாறினார். சன்னாசி பின்னாலேயே ஓடிப்போய்ச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனதை ராக்காயி வாசலிலிருந்து பார்த்தாள். சன்னாசி திரும்பி வந்தபோது, "என்ன பேசினீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பேசல. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டாரு."

வாரங்கள் போயின. அடுத்த மாதம் வந்து போயிற்று. அண்ணன் வரவில்லை. ராக்காயி உப்பில்லாத கஞ்சி குடித்தாள், தண்ணீரை அளந்து குடித்தாள், நெஞ்சு ஒழுங்காக அடித்தது. அது ஒழுங்காக அடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். பிறகு சன்னாசியின் நனைந்த சட்டை ஞாபகம் வரும். இல்லை என்று தலையை ஆட்டிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே யாரோ செருமினார்கள். எட்டிப் பார்த்தாள். அப்பாவு நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு கட்டு ஈர்க்கு விளக்குமாறு. புது ஈர்க்கு, ஒவ்வொன்றாகச் சீவி, அடியில் பிரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"விளக்குமாத்தையா அண்ணே தங்கச்சிக்குச் சீர் கொண்டாருவாங்க?"

"இத நீ குடிக்க மாட்டே இல்ல?"

ராக்காயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த சன்னாசி, விளக்குமாறுகளையும் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயில்ல நிக்காதீங்க மச்சான். உள்ள வாங்க."

அப்பாவு படியேறினார். ஒரு விளக்குமாற்றை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"இது உங்களுக்கு மாப்ள. அவளக் குனிஞ்சு கூட்ட விடாதீங்க."